வாசலில் வந்த அட்டைப்பெட்டி



சென்ற மாதம் ஒரு ஞாயிறு அதிகாலையில், கோயில் கதவைத் திறக்கச் சென்ற உபதேசியார் நம்மை அவசரமாய் அழைத்தார். வாசற்படியில் ஓர் அட்டைப்பெட்டி; உள்ளே கண் திறவாத நாய்க்குட்டிகள் ஐந்து. ஐந்தும் பெட்டை. கடுவன்களை வைத்துக்கொண்டு பெட்டைகளை மட்டும் ஆண்டவர் வாசலில் இறக்கிச் சென்றிருக்கிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கிற்று. இரண்டு குட்டிகள் அன்று மாலைக்குள் இறந்தன.

நம் திருவண்ணாமலையில் இது புதிதன்று. பலர் கிரிவலப் பாதையில் விடுகிறார்கள். பௌர்ணமியன்று லட்சக்கணக்கானோர் நடக்கும் அந்தப் பதினான்கு கிலோமீட்டரில் எச்சில் இலைக்குக் குறைவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்று தம் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். பௌர்ணமி மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது; பசியோ நாள்தோறும் வருகிறது. இதே பாதையோரத்து இரமணாசிரமத்தில் ஜாக்கி என்னும் நாய்க்குச் சமாதியே கட்டியிருக்கிறார்கள் என்பதையும் நாம் நினைத்துக்கொண்டோம்.

பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். பூனையோ ஆறு மாதம் நிறையுமுன்பே சினையாகக்கூடும். இதற்கு வழி கருத்தடை அறுவையே என்று பிரசங்கத்தின் முடிவில் அறிவித்தோம். திருப்பலி முடிந்ததும் ஒரு மூதாட்டி நம்மை மறித்துக்கொண்டார்.

"சாமி, மனுசருக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொல்றீங்க, நாய்க்கு மட்டும் ஆகுமா?"

கேட்கத் தகுந்த கேள்விதான். மனிதருக்குத் திருச்சபை அதைத் தடுப்பது, அவர்கள் அறிவும் சுயாதீனமும் உடையவர்களாய், திருமணத்தில் ஒருவருக்கொருவர் தம்மையே கையளிப்பதனால். விலங்குக்கு வாக்குறுதியுமில்லை, பொறுப்புமில்லை. பொறுப்பு முழுவதும் அதை வளர்ப்பவருடையது. விலங்குகளை வீணே துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண் என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. "பாட்டி, உங்கள் வீட்டு உழவுமாட்டுக்குக் காயடிக்கவில்லையா?" என்றோம். சிரித்துவிட்டார்.

கொன்று குறைக்கலாம் என்பாரும் உண்டு. சென்னையில் பல்லாண்டுகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றும் அவை குறையவில்லை. நீலச்சிலுவைச் சங்கம் 1964 முதல் வற்புறுத்தி வந்த கருத்தடைத் திட்டத்தை மாநகராட்சி 1996இல்தான் ஏற்றது. நம் ஊரிலும் 2007இல் தோன்றிய அருணாச்சலா விலங்குகள் காப்பகம் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு வந்திருக்கிறது. ஆனால் வீடுகளிலிருந்து குட்டிகள் தெருவுக்கு வந்துகொண்டே இருந்தால், அது ஓட்டைப் படகில் நீர் இறைத்த கதைதான்.

அறுவையின்போது மயக்கமருந்து கொடுப்பதால் நாய்க்கு வலி தெரியாது. முதற் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் பெட்டைக்கு மடிக்கட்டி வரும் அபாயம் மிகக் குறையும். கருப்பையில் சீழ் வைப்பதும் தவிரும். கடுவன் ஊர்சுற்றிக் கடிபட்டு வருவது குறையும். 'ஒருமுறையாவது ஈன்றால்தான் நல்லது' என்பது வெறும் பேச்சே. எந்த வயதில் செய்வது, முதல்நாள் எத்தனை மணிக்கு உணவை நிறுத்துவது என்பவற்றைக் கால்நடை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிழைத்த மூன்றில் ஒன்றை உபதேசியார் கொண்டுபோனார். இரண்டு நம் சமையற்கட்டில் வளர்கின்றன. வேண்டுவோர் மாலைச் செபமாலைக்குப் பின் வரலாம். உரிய வயதில் அறுவைக்குக் கொண்டுசெல்வதாக வாக்களிப்போருக்கே தருவோம்.