அது நானல்ல, என் நகல்!

ஜிம் ஸ்டார்லின் 1973இல் படைத்த அண்டப் பெருவில்லன் தானோஸ், பிற எழுத்தாளர்களின் கைகளில் தோற்றான். பொறுக்காத ஸ்டார்லின், 2002இல் வெளிவந்த 'இன்பினிட்டி அபிஸ்' சித்திரக்கதையில், அத்தோல்விகள் சிலவற்றை அவனுடைய நகல்களின் தலையில் கட்டினார்.

கந்தபுராணத்தில் ஊறிய யாழ்ப்பாணத்துக்கு இந்தச் சாட்டு ஒவ்வாது. சூரபன்மன் சக்கரவாகப் பறவையானான், கடலானான், மாமரமானான். எவ்வுருவிலும் அவன் சூரனே. வேல் பிளந்ததும் அவனையே. கந்தசஷ்டிதோறும் கோயில் வீதியில் சூரன் தலைமாற்றி ஆடுவதைக் காண்கிறோம். தலை மாறினும் பழி மாறுவதில்லை.

ஆனால் போர்க்காலக் கொலைகளுக்குக் கணக்குக் கேட்டால், "எங்கள் பெயரில் வேறு யாரோ செய்தது" என்ற விடையையே ஏற்றுக்கொள்கிறோம். சித்திரக்கதைக்கு அது போதும். செத்தவர்களின் தாய்மாருக்குப் போதுமா?