அடிபட்டவளுக்கா பேய்?

திண்டுக்கல்லிலும், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் புருஷனிடம் அடிபட்டுத் தாய்வீடு வந்த பெண்ணின் நிலையைத் தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அவளுக்குத் தூக்கமில்லை; கதவு தட்டினால் நடுங்குகின்றாள்; திடீரென்று அழுகின்றாள். உடனே "காத்துக் கருப்பு" என்பதாகச் சொல்லிக் கோடாங்கியிடம் இழுத்துப் போகின்றவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். அடிபட்டவளை வேப்பிலையால் மேலும் அடிப்பதா வைத்தியம்? அடித்த புருஷனுக்குப் பேய் பிடித்ததாக எந்தக் கோடாங்கியாவது சொன்னதுண்டா என்று கேட்கின்றோம்.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் புருஷனின் கொடுமைக்கு ஆளானவர்கள். இத்தனை வீட்டிலும் புகுந்தது பேயா, ஆண் திமிரா? 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில், மனநோய் தீருமென்று கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்களே, எந்தத் தெய்வம் வந்து சங்கிலியை அவிழ்த்தது?

மனதில் பட்ட காயமும் காயமேயாகும். அது ஆறும் வழியை ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மருத்துவ அம்மையார் 1992ல் எழுதிய நூலில் மூன்று படியாகச் சொன்னார். முதலாவது, பயமில்லாத இடம். இரண்டாவது, நடந்ததை வாய்விட்டுச் சொல்லித் துக்கம் ஆற்றுவது. மூன்றாவது, மறுபடியும் மக்களோடு கலந்து வாழ்வது.

நம் பெரியமனிதர்கள் செய்வதென்ன? "புருஷன் வீடுதான் கதி" என்று அடித்தவனிடமே திருப்பி அனுப்புகின்றார்கள், முதற்படி போயிற்று. "வெளியே சொன்னால் குடும்ப மானம் போகும்" என்று வாயைப் பூட்டுகின்றார்கள், இரண்டாவதும் போயிற்று. "வாழாவெட்டி" என்று பெயரிட்டு மூலையில் உட்கார வைக்கின்றார்கள், மூன்றாவதும் ஒழிந்தது. பிறகு, "இவள் தேறவில்லையே, எல்லாம் தலைவிதி" என்கின்றார்கள்! தேறவிடாதவன் யார்?

2005ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம், வீடு யார் பேரில் இருந்தாலும் அவளுக்கு அதில் குடியிருக்க உரிமை கொடுத்திருக்கின்றது. மனவேதனைக்கும் நஷ்டஈடு கேட்கலாம் என்கின்றது. 181 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இருக்கின்றார்.

ஆகவே தோழர்களே! கோடாங்கிக்குக் கொடுக்கும் பணத்தை அவள் கையில் கொடுங்கள், தொழில் பழகட்டும். அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். திரும்பிப் போவதா, தனித்து வாழ்வதா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். நாம் ஓட்ட வேண்டியது அவளிடமுள்ள பேயையல்ல, அடிப்பது ஆண்பிள்ளையின் உரிமை என்று நம் தலைக்குள் குடியிருக்கும் பேயையேயாகும்.