டவுன் பஸ்ஸிடம் சென்னை டிக்கெட் கேட்கலாமா?

"மச்சி, ஸ்கூட்டர்லயே சார்ஜ் பாதி வழியில தீர்ந்துடுமோன்னு பயந்துக்கிட்டே ஓட்டுறோம். இதுல பேட்டரி விமானமா?"

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் மெக்கானிக்கல் நண்பன் கேட்ட கேள்வி இது. எல்லாரும் சிரிச்சாங்க. ட்ரிபிள்-ஈ மாணவனான எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. ரூமுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவன் பக்க நியாயம். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. விமான பேட்டரி பேக்கை உறையோடு சேர்த்து எடை போட்டால் கிலோவுக்கு 0.2 கூடத் தேறாது. "மோட்டார் எஃபிஷியன்சி 90 சதவீதம், எஞ்சின் 30-ஐத் தாண்டாதே" என்று நாம் வாதாடலாம். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் பெட்ரோல் ஏறக்குறைய 20 மடங்கு முன்னால் நிற்கிறது. போதாக்குறைக்கு, பெட்ரோல் எரிய எரிய விமானத்தின் எடை குறையும். பேட்டரி காலியானாலும் அதே எடைதான்.

இப்போ என் பக்கம். ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் செய்த வெலிஸ் எலெக்ட்ரோ, 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் வாங்கியது. முழு மின்சார விமானம் ஒன்று இப்படிச் சான்று பெற்றது உலகிலேயே அதுதான் முதல் முறை. இரண்டு இருக்கை, 600 கிலோ மொத்த எடை, சுமார் 50 நிமிடப் பறத்தல். பகலில் மட்டுமே அனுமதி.

50 நிமிஷத்துல எங்க போறது? எங்கேயும் போக வேண்டாம். பைலட் பயிற்சியின் ஆரம்பத்தில் மாணவர் செய்வதெல்லாம் ஓடுபாதையிலிருந்து ஏறி, ஒரு வட்டம் அடித்து, அதே ஓடுபாதையில் இறங்குவது. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிஷம். இதை நூறு தடவை செய்தால்தான் கை பழகும். ஒரு முழு சார்ஜுக்கு 25 யூனிட் போதும். செஸ்னா 172 ஒரு மணி நேரத்துக்கு 30 லிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கும். நம்ம வகுப்பிலேயே பைலட் ஆசையை ஃபீஸ் பார்த்துக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இதை மட்டும் வைத்து லைசென்ஸ் வாங்க முடியாது. டிஜிசிஏ விதிப்படி கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 300 கடல் மைல் நீளப் பயணம் ஒன்று, இரவுப் பறத்தல் எல்லாம் உண்டு. வெலிஸ் ஒரு சார்ஜில் 75 கடல் மைல் போனாலே பெரிது. எனவே பயிற்சிப் பள்ளிக்குப் பெட்ரோல் விமானமும் வேண்டும், பக்கத்தில் ஒரு மின்சார விமானமும் வேண்டும். "பெட்ரோலை ஒழித்துவிடும்" என்று பிபிடி போடுபவர்களை நம்பாதீர்கள். "வேலைக்கே ஆகாது" என்பவர்களையும்தான்.

பெங்களூரு என்ஏஎல் இ-ஹன்சா என்ற இரண்டு இருக்கை மின்சாரப் பயிற்சி விமானத்தை உருவாக்குவதாக 2025-ல் மத்திய அரசு அறிவித்தது. விலை சுமார் 2 கோடி ரூபாய் என்றார்கள். அது வரும்போது இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். மே மாத வெயிலில் அடுத்தடுத்து சார்ஜ் போட்டால் பேட்டரி சூடு தாங்குமா? தேய்ந்த பேட்டரியை மாற்றும் செலவையும் சேர்த்தால் மணிக்கு எவ்வளவு ஆகும்? கரண்ட் பில்லை மட்டும் காட்டி மலிவு என்று சொல்வது ஏமாற்று.

இரண்டுமே நம்ம லேபில் தொடங்கக்கூடிய ஃபைனல் இயர் புராஜெக்ட்கள். பறக்கும் டாக்ஸிக்குப் படம் வரைவதை விட உருப்படியான வேலை.

மெஸ் நண்பனுக்கு ஒரு வார்த்தை: மச்சி, எவ்வளவு தூரம் போகும்னு கேட்காதே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கும்னு கேளு.