"நல்லாத்தான் இருக்கேன் கண்ணு"

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். லயன் வீட்டு வாசலில் எழுபது வயதுப் பாட்டி. படிவத்தோடு வந்தவர் கேட்கிறார், "பாட்டி, முன்னைக்கு இப்ப ஞாபகசக்தி குறைஞ்சிருக்கா?" பாட்டி சிரிக்கிறார். "நல்லாத்தான் இருக்கேன் கண்ணு. முழங்கால்தான் வலிக்குது." மருமகளைக் கேட்டால், "வயசானா மறதி வராதா? அதெல்லாம் ஒரு நோவா?" என்கிறார். படிவத்தில் 'குறைபாடு இல்லை' என்று டிக் விழுகிறது. அடுத்த வீடு!

இதற்குப் பெயர் அளவீடா?

அல்சைமர், பார்க்கின்சன் போன்ற, மூளை நரம்பணுக்கள் மெல்ல அழியும் நோய்களில் இந்தப் பதில் சாதாரண விஷயம் அல்ல. பார்க்கின்சன் நோயாளிகளின் ஆரம்பகட்ட அறிவாற்றல் குறைவைக் கண்டறிய 2012-ல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிமுறையே, குறைவு ஏற்பட்டிருப்பதாக நோயாளியோ நெருங்கியவரோ சொல்ல வேண்டும், அல்லது மருத்துவர் கவனித்திருக்க வேண்டும் என்கிறது. யாருமே சொல்லாவிட்டால்?

என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 10/66 என்றொரு ஆய்வுக்குழு. (உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவீதத்துக்கும் குறைவு. பெயரிலேயே குற்றச்சாட்டு!) இந்தியாவில் இவர்கள் எடுத்துக்கொண்ட இடங்கள் சென்னையும் வேலூர் கிராமங்களும். 2008-ல் லான்செட் இதழில் முடிவுகள் வந்தன. டி.எஸ்.எம்-4 என்ற அமெரிக்க அளவுகோல்படி 65 வயதுக்கு மேற்பட்டோரில் டிமென்ஷியா கியூபாவில் 6.3 சதவீதம், இந்தியக் கிராமத்தில் வெறும் 0.3 சதவீதம்! நம் கிராமத்துக் காற்றில் ஏதோ மருந்து இருக்கிறது என்று பூரித்துப் போக வேண்டியதுதானா? அதே குழு தன் சொந்த அளவுகோலால் அளந்தபோது எந்த ஊரிலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை. வசதி குறைந்த இடங்களில் வீட்டார் 'குறைந்துவிட்டது' என்று சொல்வதே அபூர்வம் என்பதும் தெரிந்தது. நோய் இருந்தது. சொல்ல ஆளில்லை.

அப்படியானால் வாக்குமூலத்தை விட்டுவிட்டு, பரீட்சை வைத்துவிடலாமே என்பார்கள். 1975-ல் வந்த புகழ்பெற்ற எம்.எம்.எஸ்.இ. தேர்வில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பள்ளி வாசலை மிதிக்காத பாட்டியிடம் இதைக் கொடுத்தால் அளக்கப்படுவது மூளையா, பள்ளிக்கூடமா? ஹரியானாவின் பல்லப்கரில் ஆய்வு செய்தவர்களுக்கு இது புரிந்தது. எழுத்தறியாதவர்களுக்கென்று 1995-ல் இந்தியில் தேர்வையே மாற்றி அமைத்தார்கள். பிறகு அன்றாடச் செயல்களைப் பற்றி வீட்டாரிடம் கேட்கத் தனிக் கேள்விப் பட்டியலும் உருவாக்கினார்கள்.

நீலகிரிக்கும் அதுதான் வேண்டும். 'ஞாபகசக்தி' என்று கேட்காதீர்கள். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறாரா? சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டை எடுக்கிறாரா? கோத்தகிரி பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறினாரா? மூடுபனியில் எல்லா வரிசையும் ஒரே மாதிரி தெரியும் தேயிலைக்குள், நாற்பது வருடம் நடந்த பாதையில் திசை மாறினாரா? காட்டெருமையும் கரடியும் நடமாடும் மலையில் இந்தக் கடைசிக் கேள்வி உயிர்ப் பிரச்சனை. கொழுந்து பறிக்கிறாரா என்று மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பழகிய கை வேலையை மறக்க நாளாகும்.

அதையும் எந்த மொழியில் கேட்பது? படுகு, பணியர் மொழி, குறும்பர் மொழி, 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களின் மலையகத் தமிழ் என்று ஒரே மலையில் இத்தனை. அங்கே போய் 'தங்களது அறிதிறனில் சரிவு உணர்கிறீர்களா' என்று பாடப்புத்தகத் தமிழில் கேட்டால் பாட்டி என்ன, பேரனே விழிப்பான்!

இன்னொன்று. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போய்விட்ட வீடுகளில் சாட்சி சொல்வது யார்? பொங்கலுக்கு இரண்டு நாள் வந்து போகும் மகனா? அவனை விடுங்கள். முப்பது வருடம் பக்கத்து வரிசையில் நின்று கொழுந்து பறித்த அடுத்த வீட்டு அக்காவைக் கேளுங்கள்.