புதைக்குமுன் படித்துப் பாருங்கள்

பழைய கிதாபு கிழிந்துபோனால் மண்ணில் அடக்கம் செய்வதும், ஓடும் நீரில் விடுவதும், பாழ்ங்கிணற்றில் இடுவதும் நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். திருமறையின் எழுத்து காலில் மிதிபடலாகாது என்னும் கண்ணியத்தில் பிறந்த வழக்கம் அது. அக்கண்ணியத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் அதன் பெயரால், இன்னதென்று பாராமலே எதையும் புதைத்துவிடும் அவசரத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நம் முன்னோர் தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் குறிகள் சேர்த்து, அரபுத் தமிழை ஆக்கினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அதில் நூல்கள் இயற்றினர். இன்று அதனைப் படிப்போர் அருகிவிட்டனர். பெட்டியில் அரபு எழுத்தைக் கண்டதும் யாவற்றையும் வேதமென்றே எண்ணிவிடுகிறோம். மருத்துவக் குறிப்பும், மாலைப் பாடலும், பாட்டனார் எழுதிய கணக்கும் சேர்ந்து மண்ணுக்குள் போகின்றன. இது மரியாதையா, அறியாமையா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நம்மவர் இதற்குப் பாடம் கற்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. தொகையில் மிகச் சிறிய அச்சமுதாயம் தன் ஓலைச்சுவடிகளை அங்கே காத்து வந்துள்ளது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணர் அளித்த விளக்கங்கள் அவருக்குப் பெருந்துணையாயின. நம் சீறாப்புராணமும், 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர் அச்சேற்றும்வரை, ஏட்டில்தான் வாழ்ந்தது. ஏடு வைத்திருந்தோர் அதனை ஆற்றில் விட்டிருந்தால் நம் கதி என்ன?

யமன் நாட்டு ஸன்ஆ நகரின் பெரிய பள்ளிவாசலில் 1972இல் பழுதுபார்ப்பு வேலை நடந்தபோது, தேய்ந்த குர்ஆன் தோலேடுகள் குவியலாகக் கிடைத்தன. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவையும் அவற்றுள் உண்டு. அழிக்காமல் ஒதுக்கி வைத்தவர்களும் கண்ணியம் அறிந்தவர்களே அன்றோ!

வாசகத்தைப் படியெடுத்துக்கொண்டு ஏட்டை எறிந்துவிடலாம் என்பாரும் உளர். அதுவும் பிழையே. பழைய ஐரோப்பியக் காகிதத்தை ஒளிக்கு நேரே பிடித்தால் ஆலையின் நீர்க்குறி தெரியும். காகிதத்தின் காலத்தை அது ஏறத்தாழக் காட்டிவிடும். இறுதிப் பக்கத்தில் எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கலாம். ஓரத்தில் பிள்ளை பிறந்த நாள் குறிக்கப்பட்டிருக்கலாம். மையும் தையலும் அட்டையும்கூடச் சான்றுகளே. ஒட்டுநாடா ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி மூடுவதும் ஏட்டைக் கெடுக்கும்.

ஆகவே பெட்டியைத் திறவுங்கள். அரபுத் தமிழ் அறிந்த ஆலிமிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வீட்டில் இடமில்லையெனில் மதரஸாவில் ஓர் அலமாரி ஒதுக்குமாறு ஜமாஅத்தைக் கேளுங்கள். திருமண மண்டபத்திற்குப் பொருள் திரட்ட வல்ல ஜமாஅத்துக்கு ஓர் அலமாரி பெருஞ்சுமையாகாது.