அழுகுணி ஆட்டமும் ஆயுள் தண்டனையும்

கைபேசி விளையாட்டைப் பற்றி நம் சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று மூத்த அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். மாலை வேளையில் கொச்சங்காடித் தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். திண்ணையிலும் கடை வாசலிலும் நான்கு நான்கு பேராகப் பிள்ளைகள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வாய் மூடியிருக்காது. "பின்னால ஆளு", "மருந்து குடு", "என்னைத் தூக்கு" என்று தமிழும் மலையாளமும் கலந்து ஓயாத பேச்சு. நான்கு பேர் ஓர் அணி. ஒருவன் அடிபட்டு விழுந்தால் மற்றவன் ஓடி வந்து எழுப்ப வேண்டும். இதுவும் கூடி ஆடும் ஆட்டம்தான். கூடி ஆடும் இடத்தில் ஒருவன் கள்ளம் செய்தால் யாரைத் தண்டிப்பது, எவ்வளவு காலம் தண்டிப்பது என்பதே என் கேள்வி.

கள்ளம் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுவருக்கு அப்பால் ஒளிந்திருக்கும் எதிரியைக் காட்டிக்கொடுக்கும் நிரல் உண்டு. துப்பாக்கியின் குறி தானாகவே எதிரியின் தலையில் போய் நிற்கச் செய்யும் நிரலும் உண்டு. இவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊரில் சிறு வயதில் "அழுகுணி ஆட்டம்" என்று சொல்வோமே, அதன் கணிப்பொறி வடிவம் இது.

முதலில் நம்மைச் சுற்றி ஆடப்படும் ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். கேரளத்தில் வாழும் நமக்கு 'ஐம்பத்தாறு' சீட்டாட்டம் புதிதல்ல. ஆறு பேர், மூவர் மூவராக இரண்டு அணி, 48 சீட்டு. கூட்டாளிக்குத் தன் கைச்சீட்டைப் பற்றிக் குறிப்பால் உணர்த்த ஏலம் கேட்கும் முறையிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். அதையே புருவத்தை உயர்த்திச் சொன்னால் கள்ளம். கையில் இனம் இருக்கும்போதே இல்லையென்று வேறு இனத்தைப் போட்டுப் பிடிபட்டால் அந்த ஆட்டம் அந்த அணி முழுவதற்கும் தோல்வி. தவறே செய்யாத இரண்டு கூட்டாளிகளுக்கும் சேர்த்துத்தான். யாரும் இதை அநியாயம் என்று சொல்வதில்லை. வெற்றி மூவருக்கும் பொதுவென்றால் ரத்தும் பொதுதானே. தோற்றவர்கள் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு கேலிக்கு ஆளாவதும் உண்டு. ஆனால் அடுத்து ஜெயித்தால் குணுக்கைக் கழற்றிவிடலாம். இந்த 'கழற்றிவிடலாம்' என்பதைத்தான் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி ஷாங்காய்க்குப் போவோம். 2018 அக்டோபரில் அங்கு நடந்த 'எக்ஸ்ட்ரீம்ஸ்லாண்ட்' என்ற ஆசியப் போட்டியில் நம் நாட்டின் 'ஆப்டிக் இந்தியா' அணி கவுண்டர்-ஸ்டிரைக் ஆடச் சென்றது. ஐந்து பேர் கொண்ட அணி. நடுவில் ஆட்டத்தை நிறுத்தி ஒருவரின் கணிப்பொறியைச் சோதித்தார்கள். குறிபார்க்க உதவும் நிரல் அதில் இருந்தது. அணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. இதுவரை சரி, ஐம்பத்தாறு விதிதான். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. நிறுவனம் அணியையே கலைத்துவிட்டது. தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன மற்ற நால்வரும் வேலை இழந்தார்கள். கள்ளம் செய்த இளைஞருக்கு மின்விளையாட்டு நேர்மை ஆணையம் ஐந்தாண்டுத் தடை விதித்தது. அந்தக் காலம் 2023-இல் முடிந்துவிட்டது. ஆகவே அவர் பெயரை நான் இங்கு எழுதவில்லை. வலையில் தேடினால் கிடைக்கும், அதுவும் ஒரு தண்டனைதான். அந்த ஆட்டத்தில் அதிகம் இழந்தவர்கள் எதிரணியினர் அல்லர், கூடவே உட்கார்ந்து ஆடிய நால்வர் என்பதை யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

நம் பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன். 2020 செப்டம்பரில் 'பப்ஜி' விளையாட்டை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் தென் கொரியாவின் 'கிராஃப்டன்' நிறுவனம் இந்தியாவுக்கென்றே ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. கள்ள ஆட்டக்காரரின் கணக்கை மூடினால் ஐந்து நிமிடத்தில் புதுக் கணக்கு தொடங்கிவிடுகிறார். அதனால் 2021 டிசம்பர் முதல் கைபேசிக் கருவியையே நிரந்தரமாகத் தடை செய்வதாக அறிவித்தார்கள். நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. கள்ளனை விட்டுவைத்தால் நேர்மையாக ஆடுபவன்தான் வெளியேறுவான்.

ஆனால் தடை கருவிக்கென்றால் நம் வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டாமா? அப்பாவின் பழைய கைபேசி ஒன்று. அதை அண்ணன் ஒரு மணி, தம்பி ஒரு மணி என்று பங்கு போட்டு ஆடுகிற வீடுகள் மட்டாஞ்சேரியில் எத்தனை! அண்ணன் செய்த கள்ளத்துக்குத் தம்பிக்கும் கதவடைப்பு. பின்பு அந்தக் கருவியைப் பழைய பொருள் கடையில் விற்றால், வாங்குகிற முன்பின் அறியாத பையனுக்கும் அதே கதி.

கால அளவையும் பாருங்கள். உலகப் பதிப்பான பப்ஜி மொபைலில் பத்தாண்டுத் தடை சாதாரணம். 12 வயதில் பிடிபட்டவன் 22 வயதில் திரும்பி வரலாம். நம் நாட்டின் சிறார் நீதிச் சட்டம், 2015-இன்படி பொதுவாக ஒரு சிறுவனைச் சிறப்பு இல்லத்தில் வைக்கும் உச்ச காலமே மூன்றாண்டு. பின்னர் அந்தப் பதிவையும் அழிக்கச் சட்டம் வகை செய்கிறது. விளையாட்டுத் தடையும் சிறைவாசமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் விசாரணை இல்லாமல், சாட்சியத்தைக் காட்டாமல், ஓர் இயந்திரம் தீர்ப்பெழுதிப் பத்தாண்டு என்று சொல்வதை நியாயம் என்று பிள்ளைகள் பழகிக்கொள்வது எனக்கு உறுத்துகிறது.

தண்டனை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2021 ஜூனில் கோவிட் நிவாரணத்துக்காக நம் விசுவநாதன் ஆனந்த் பிரபலங்களுடன் இணையத்தில் சதுரங்கம் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். மறுநாளே கணிப்பொறியின் உதவியையும் ஆட்டத்தை ஆராய்ந்து சொன்னவர்களின் உதவியையும் பெற்றதாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். சதுரங்கத் தளம் அவர் கணக்கை மூடியது, விரைவிலேயே திறந்தும் விட்டது. தரவரிசைக்குச் சேராத ஆட்டம், ஆனந்தும் விஷயத்தை வளர்க்க விரும்பவில்லை என்பது காரணம். பெருந்தன்மைதான், குறை சொல்ல மாட்டேன். அதே கருணை திண்ணைப் பையனுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

எதிரணியே இல்லாமல் நால்வரும் சேர்ந்து இயந்திரத்தை மட்டும் எதிர்த்து ஆடும் விளையாட்டுகள் வேறு வகை. அங்கு ஒருவன் சாகாவரம் தரும் நிரலைப் போட்டுக்கொண்டால் தோற்பது இயந்திரம்தானே என்பார்கள். நம் ஆட்டங்களில் 'உப்புக்குச் சப்பாணி' என்று சின்னக் குழந்தையைச் சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை. எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் ஒப்பிச் செய்வதால் அது கள்ளமாகாது. கூட்டாளிகள் சரியென்றால் அந்த நிரலும் அப்படித்தான். மறைத்துச் செய்தால், முக்கால் மணி நேரம் பாடுபட்டு ஆடிய மூவரின் உழைப்பையும் அவன் பொய்யாக்குகிறான். அதற்கு, அந்த மூவரும் அவனை அணியிலிருந்து வெளியே அனுப்பினால் போதும். நிறுவனம் கருவியைப் பூட்டத் தேவையில்லை.

வரும் பொங்கல் விழாவில் இளைஞர் பிரிவினர் கைபேசிப் போட்டியும் வைக்க விரும்பினால், செயற்குழுவுக்கு என் யோசனை இது. கள்ளம் நிரூபணமானால் அந்த அணியின் அன்றைய முடிவு ரத்து. தடை செய்தவனுக்கு மட்டும், அடுத்த பொங்கல் வரை. அவன் பேச்சைக் கேட்க மூவர் உட்கார வேண்டும், அதில் ஒருவராவது இந்த ஆட்டம் ஆடத் தெரிந்த பிள்ளையாக இருக்கட்டும். மற்ற மூன்று கூட்டாளிகளும் விரும்பினால் புதிதாக ஒருவனைச் சேர்த்துக்கொண்டு அன்று மாலையே நடக்கும் அடுத்த சுற்றில் ஆடலாம்.