ஊர் மின்சாரம் யாருடைய உடைமை?

“நாடு முழுவதற்கும் மின்கம்பி எட்டிவிட்டது, இனி ஊருக்கு ஊர் சிறு மின்நிலையம் எதற்கு?” என்று வினவுவோர் நமது பல்கலைக்கழகங்களிலேயே உளர். பெரியது சிக்கனமானது, மையப்பட்டது நம்பத்தக்கது, சிறியது வறியோருக்கான தற்காலிக ஏற்பாடு என்பன இவ்வினாவின் உட்கிடைகள். இக்கருத்தை நமது நாட்டின் அனுபவமே பொய்ப்பித்துள்ளது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2025 பெப்ரவரி 9 ஆந் திகதி இலங்கை முழுவதும் மின்சாரமற்றுப் போயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியமையே காரணமெனக் கூறப்பட்டது. பலர் நகைத்தனர். ஆயின் நகைப்புக்குரியது குரங்கன்று. ஓரிடத்துப் பழுது ஒரு தீவையே இருளாக்கும் அமைப்பே நகைப்புக்குரியது. அதே ஆண்டு நவம்பரில் வீசிய ‘டித்வா’ புயல் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மலைச்சரிவுகள் பெயர்ந்து வீதிகள் துண்டிக்கப்பட்டன, மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய வேளையில் மின்சாரம் என்பது வெறும் விளக்கன்று. குடிநீரை ஏற்றும் பம்பியும், மருந்தகத்தின் குளிரூட்டியும், உதவி கோரும் தொலைபேசியும் அதுவே.

யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1990 இல் குடாநாடு தேசிய மின்வலையினின்று அறுபட்டபின், போத்தல் விளக்கில் படித்தும் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும் ஒரு தலைமுறை வளர்ந்தது. தொலைவிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியை மட்டும் நம்பும் ஊர், அக்கம்பி அறுபடும் நாளில் என்னாகும் என்பது அத்தலைமுறையின் சொந்த அறிவு.

“கூரைதோறும் சூரியத் தகடு ஏறுகின்றதே, அது போதாதா?” எனச் சிலர் கேட்பர். போதாது. மின்வலையோடு இணைந்த சாதாரணக் கூரைத்தொகுதி, வலையில் மின்சாரம் அற்றதும் தானாகவே நின்றுவிடும். கம்பியைச் செப்பனிடும் தொழிலாளியின் உயிர்காக்கும் ஏற்பாடு அது, அதிற் குறைகாண்பதற்கில்லை. ஆனால் விளைவு யாது? உச்சி வெயிலில், தன் கூரையில் ஐந்து கிலோவாற் தகட்டை வைத்திருப்பவன் இருளில் இருக்கிறான். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது மின்தேவை குறைந்தமையால், கூரைத்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டதையும் கண்டோம். வெயில் வீணாயிற்று, ஏனெனில் அதனைச் சேமிக்கவும் அயலாரோடு பகிரவும் ஊரில் ஓர் அமைப்பு இருக்கவில்லை.

அவ்வமைப்பையே ஊர் மின்வலை என்கிறோம். ஊருக்குள்ளேயே மின்சாரம் பிறப்பிக்கப்படும். பற்றரித் தொகுதியிற் சேமிக்கப்படும். வீடுகளுக்கும் பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் பகிரப்படும். வழக்கமான நாட்களில் அது பெருவலையோடு இணைந்திருக்கும். பெருவலை வீழும்போது இணைப்பாளியைத் திறந்து தனித்து இயங்கும்.

ஆயினும் சிறியதாயிருப்பது மட்டும் சிறப்பாகிவிடாது. மலையகத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே நீர்ச்சுழலிகள் இயங்கின. தொழிற்சாலையின் உருளைகள் சுழன்றன. துரையின் பங்களா ஒளிபெற்றது. அந்த ஓடையின் கரையிலேயே கொழுந்து பறித்தவர்களின் லயன் அறைகளிலோ குப்பி விளக்கே எரிந்தது. தொழில்நுட்பம் சிறியதுதான், தூயதுதான், உள்ளூர்தான். உடைமை மட்டும் பிறனுடையது. பின்னர் தேசிய மின்சாரம் வந்ததும் அச்சுழலிகளிற் பெரும்பாலானவை துருப்பிடிக்க விடப்பட்டன. லயன் மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்கள் உடைமையாளரல்லர்.

இதற்கு நேர்மாறான வரலாறும் இந்நாட்டிற்கு உண்டு. 1990களில் தொடங்கி இரத்தினபுரி, கேகாலை முதலிய மாவட்டங்களில், கம்பி எட்டாத சிங்களக் கிராமத்தவர் மின்நுகர்வோர் சங்கங்களை அமைத்தனர். கால்வாய் வெட்டியவர்களும் குழாய் சுமந்தவர்களும் அவர்களே. பெரும்பாலும் ஐந்து முதல் ஐம்பது கிலோவாற் வரையான சிறு நிலையங்கள். வீடொன்றுக்குக் கிடைத்ததோ சில விளக்குகளுக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் போதுமான அளவு. கட்டணத்தைத் தீர்மானித்ததும் தவறியவரை விசாரித்ததும் சங்கக் கூட்டமே. உலக வங்கியின் கடனுதவித் திட்டங்களும் துணைநிற்க, 2010களின் தொடக்கத்தில் இவை இருநூற்றைக் கடந்திருந்தன.

பின்பு தேசியக் கம்பி வந்தது. மானியக் கட்டணத்தில் வரம்பற்ற மின்சாரம் கிடைக்கவே, உறுப்பினர் ஒருவர் பின் ஒருவராக விலகினர். நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் கைவிடப்பட்டன. பெருவலையோடு இணைந்து தம் மின்சாரத்தை விற்க வழிகண்டவை விரல்விட்டு எண்ணத்தக்கன. கம்பி வந்தது குற்றமன்று. வந்த கம்பி, இருந்ததை இணைத்துக்கொள்ளாது அழியவிட்டதே குற்றம். இது தவிர்க்கவியலாத விதியுமன்று: நேபாளத்தின் நுவாகோட் மாவட்டத்தில் 23 கிலோவாற் ஊர் நீர்மின்நிலையமொன்று 2018 இல் தேசிய வலையோடு இணைக்கப்பட்டது. அங்கு இயன்றது இங்கு ஏன் இயலவில்லை?

“பாமர மக்களால் நிர்வகிக்க முடியுமா?” என்பது அடுத்த ஆட்சேபம். 1930களில் மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாக நிறுவிய சமுதாயத்தை நோக்கிக் கேட்கப்படும் கேள்வி இது! சங்கங்களிற் கணக்குத் தகராறு எழுந்ததுண்டு. வறட்சியில் ஓடை வற்றிச் சுழலி நின்றதுமுண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. அக்குறைகள் பெருவலையோடு இணைவதற்கான நியாயங்களேயன்றிச் சங்கங்களைக் கலைப்பதற்கான நியாயங்கள் அல்ல. செலவு அதிகம் என்பாரும் உளர். மெய்தான், பற்றரி மலிவானதன்று. ஆனால் மின்சாரமற்ற ஒரு வாரத்தின் இழப்பை எக்கணக்கேட்டில் இவர்கள் எழுதுகின்றனர்? 2017 இல் ‘மரியா’ சூறாவளி தாக்கிய புவேர்ட்டோ ரிக்கோத் தீவில் மின்சாரம் முற்றாக மீள ஏறத்தாழப் பதினொரு மாதங்கள் சென்றன. அங்கே அத்யுந்தாசு என்னும் மலையூரில், சூரிய மின்சாரம் கொண்டிருந்த ஒரு சமுதாய இல்லமே அயலாரின் புகலிடமாயிற்று. அவ்வூரார் அப்பாடத்தை மறவாது, 2023 இல் கடைத்தெருவிற்கென ஊர் மின்வலையொன்றைத் தமதாகவே அமைத்துக்கொண்டனர்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றும் வெயிலும் பற்றரியும் டீசலும் இணைந்த கலப்பு மின்தொகுதிகளை இந்திய நன்கொடையில் அமைக்க 2022 இல் உடன்பாடு செய்யப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயின் நாம் எழுப்பவேண்டிய வினா எத்தனை கிலோவாற் என்பது மட்டுமன்று. கடல் கொந்தளித்துப் படகு வராத நாளில் எந்த இணைப்பை முதலிற் காப்பது, எதனைத் துண்டிப்பது என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் தீவு மக்களுக்கு ஆசனம் உண்டா? இல்லையெனின் அது லயனருகே சுழன்ற சுழலியின் புதிய வடிவமேயாகும்.

ஆகவே நாம் கோருவன மூன்று. ஊர்ச் சங்கங்கள் மின்வலைக்கு உடைமையாளராகச் சட்டம் இடமளித்தல் வேண்டும். பெருவலையோடு இணையவும் இடர்வேளையிற் பாதுகாப்பாகப் பிரிந்தியங்கவும் அவற்றுக்கு உரிமை வேண்டும். கைவிடப்பட்ட நிலையங்களை மீளாய்வு செய்தல் வேண்டும். பொறியியல் மாணவர் தம் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு அத்தகைய நிலையமொன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். சமூகவியல் மாணவர் அதன் சங்கப் பதிவேடுகளைப் புரட்டட்டும். அடுத்த புயல் நமது ஆய்வுகள் முடியும்வரை காத்திருக்கப்போவதில்லை.